54 வயதில் குதிரை ஓடப் பழகலாமா?

உங்கள் கேள்வியை மூன்று தரம் வாசித்தேன். 54 வயது, வெள்ளவத்தையில் வீடு, பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். சின்ன வயதில் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போனபோது அப்பா ஒரு மட்டக் குதிரையில் ஏற்றிவிட்டு வாவிக்கரையில் பத்து நிமிடம் நடத்திக் காட்டினார். அது இன்றைக்கும் மறக்கவில்லை. இப்போது முறையாகப் பழக ஆசை. மகளிடம் சொன்னால் "அம்மா, உங்களுக்கென்ன விசரா?" என்கிறா. இடுப்பில் கொஞ்சம் வலியும் உண்டு. தொடங்கலாமா, வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடம்பு தாங்குமா என்பது அதில் பாதிதான் என்று எனக்குப் படுகிறது. போட்டிக்கும் போகப்போவதில்லை, குதிரையும் வாங்கப்போவதில்லை, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் தடுமாறிக்கொண்டு நின்றால் எனக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் மற்றப் பாதி. இரண்டுக்கும் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

நான் மிருக வைத்தியர். பேராதனையில் படித்துவிட்டு முப்பது வருடத்துக்கு மேலாகக் கொழும்பில் தொழில் செய்கிறேன். என்னிடம் வருவதில் பெரும்பாலானவை நாய், பூனை. ஆனாலும் தொடக்கத்திலிருந்தே குதிரைகளையும் பார்த்துவருகிறேன். குதிரையின் வாயையும் குளம்பையும் இத்தனை வருடம் பார்த்தவன் அதன் முதுகில் முதன்முதலாக ஏறியது 48 வயதில். இப்போது 63. ஆகவே குதிரையின் உடம்பைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். மனித உடம்பைப் பற்றிச் சொல்வதை உங்கள் டொக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடங்கலாம். இதை யோசிக்காமலே சொல்வேன். ஆனால் இப்படிக் கேட்பவர்களுக்கு வழக்கமாகக் காட்டுகிற உதாரணங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. ஜப்பானின் ஹிரோஷி ஹொகெட்சு 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 71 வயதில் குதிரை ஓடினார் என்பார்கள். அவுஸ்திரேலியாவின் அண்ட்ரூ ஹோய் டோக்கியோவில் 62 வயதில் வெள்ளியும் வெண்கலமும் எடுத்தார் என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் ஹொகெட்சு 1964இலேயே ஒலிம்பிக்கில் ஓடியவர். வாழ்நாள் முழுக்கச் சேணத்தில் இருந்தவர் 71இலும் இருப்பது ஒரு கதை, நீங்களும் நானும் ஐம்பதுக்குக் கிட்ட முதல்தரம் காலைத் தூக்கிப் போடுவது வேறு கதை. எலிசபெத் மகாராணி 94 வயதிலும் வின்ட்சரில் ஓடிக்கொண்டிருந்தார் என்பதும் அப்படித்தான். அவர் தலையில் கட்டியிருந்தது வெறும் துணி. அதைப் பார்த்துப் பழகிவிடாதீர்கள்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய செஞ்சுரி கிளப் என்று ஒன்று இருக்கிறது. ஓடுபவரின் வயதையும் குதிரையின் வயதையும் கூட்டி நூறு வந்தால், இருவரும் சேர்ந்து ஒரு சின்னப் பயிற்சி ஓட்டம் காட்டி அதில் சேரலாம். வேகம், உயரம் ஒன்றும் தேவையில்லை. நான் ஓடுகிற கிழவிக்கு (செம்பழுப்பு நிறப் பெண் குதிரை, ஒரு காலத்தில் ரேஸ் ஓடியவள்) இப்போது 22. நான் 63. மொத்தம் 85. வருடத்துக்கு இரண்டு இரண்டாகக் கூடுவதால் எட்டு வருடத்தில் நூறைத் தாண்டிவிடுவோம். அப்போது எனக்கு 71, அவளுக்கு 30. நன்றாகப் பராமரித்தால் குதிரை 25, 30 வருடம் இருக்கும், ஆகவே கணக்கு நடக்காத கணக்கு அல்ல. கொழும்பிலிருந்து அமெரிக்காவுக்கு அவளைக் கொண்டுபோகப் போவதில்லை, அது வேறு விடயம்.

சரி, மகள் ஏன் சிரிக்கிறா? இந்த ஊரில் குதிரை என்றால் மனதில் வருகிற படம் வேறு. வெள்ளைக்காரர் காலத்தில் காலிமுகத்திடலில் குதிரைப் பந்தயம் நடந்தது. 1893இல் கறுவாத்தோட்டத்துக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரில் கறுவாத்தோட்டப் பந்தயத் திடலையே விமான ஓடுபாதையாக்கினார்கள். 1950களில் அங்கே பந்தயம் நின்றுபோனது. பழைய பார்வையாளர் மாடத்தில் இப்போது கடைகள் இருக்கின்றன. பந்தயம் போனாலும் ரேஸ் புக்கி போகவில்லை, இங்கிலாந்தில் ஓடுகிற குதிரைக்கு இங்கிருந்து காசு கட்டுகிறார்கள். அதனால் எங்கள் வீடுகளில் குதிரை என்றால் ஒன்றில் பணக்காரர் விளையாட்டு, இல்லாவிட்டால் ரேஸ் ஆடிக் காணியை விற்ற ஒரு மாமா. குதிரை ஒரு பிராணி, அதோடு பழகலாம் என்கிற எண்ணம் எங்களிடம் இருந்து தொலைந்துவிட்டது. மகளின் சிரிப்புக்குக் காரணம் உங்கள் வயது மட்டும் அல்ல என்று சொல்லவந்தேன்.

இனி, உங்களுக்கு என்ன மிஞ்சும் என்பதற்கு வருகிறேன். அதற்குக் குதிரை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் தெரியவேண்டும். அது வேட்டையாடப்படுகிற பிராணி. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய முழு வட்டமும் தெரியும். நேர் பின்னாலும், மூக்குக்குக் கீழே கொஞ்ச இடமும் மட்டும் தெரியாது. பயந்தால் முதலில் ஓடும், பிறகுதான் யோசிக்கும். பக்கத்தில் இருப்பவரின் உடம்பை அது ஓயாமல் வாசித்துக்கொண்டிருக்கும். 2009இல் சுவீடனில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆட்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் குதிரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டோ அதில் ஏறி ஓடிக்கொண்டோ நான்கு தரம் போகவேண்டும். நான்காம் தரத்துக்கு முன்னால் மட்டும், நீங்கள் கடக்கும்போது ஒரு குடையை விரிப்போம் என்று சொன்னார்கள். குடை விரியவே இல்லை. ஆனால் ஆளின் இதயத்துடிப்பும் ஏறியது, குதிரையின் இதயத்துடிப்பும் ஏறியது. குதிரைக்கு யாரும் குடையைப் பற்றிச் சொல்லவில்லை.

இதில்தான் நடுவயதுக்காரருக்கு ஓர் அனுகூலம். பதினைந்து வயதுப் பெடியன் விழுந்தால் துடைத்துக்கொண்டு எழும்புவான், அவன் உடம்பு ரப்பர். ஆனால் அவன் கை அவசரக் கை. கடிவாள வாரை இழுத்துக்கொண்டே இருப்பான், காலால் உதைத்துக்கொண்டே இருப்பான். இரண்டு பிள்ளைகளை வளர்த்து, வீட்டில் கிடந்த மாமியாரைப் பார்த்து, அழுகிற குழந்தையை அவசரப்படாமல் தூக்கப் பழகிய ஒரு கை லாயத்துக்குள் வரும்போது குதிரை தலையைத் தாழ்த்துவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இது ஆய்வு அல்ல, என் கண்ணால் கண்டது. அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பயமும் உங்களுக்குக் கூடத்தான் இருக்கும். அந்தப் பயம் நியாயமானது, அதை மறைக்கவேண்டாம். பழக்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். மூச்சை அடக்கினால் தொடை இறுகும், அது சேணத்துக்குள்ளால் குதிரைக்குப் போய்ச் சேரும்.

ஏறி ஓடுவது இந்த விளையாட்டின் சின்னப் பாதி என்றுகூடச் சொல்வேன். ஒரு மணி நேரம் போனால் அதில் முப்பது நிமிடம் ஓடுவீர்கள். மிச்ச நேரம் தூரிகையால் தேய்ப்பது, குளம்பைத் தூக்கிச் சாணியையும் கல்லையும் கிண்டி எடுப்பது, சேணம் கட்டுவது, முடிந்தபின் குளிப்பாட்டுவது. இளம் பிள்ளைகள் இதை வேலைக்காரர் தலையில் கட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். நீங்கள் விடாதீர்கள். விலாவின் பின்பக்கம் காதை வைத்தால் வயிற்றுக்குள் தூரத்து இடி மாதிரிக் கேட்கும், கேட்டால் நல்லது. சத்தமே இல்லை, குதிரை திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கிறது என்றால் எங்களுக்கு ஃபோன் வரும். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, அதனால் அதன் வயிற்றுவலி விளையாட்டான காரியம் இல்லை. ஓய்வில் இருக்கிற குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28இலிருந்து 44 வரை; தாடை எலும்பின் கீழே விரலை வைத்து எண்ணிப் பழகலாம். எங்கள் துடிப்பு எழுபது எண்பதில் ஓடும்போது விரலுக்கடியில் அந்த மெதுவான துடிப்பு வருவதற்குக் காத்திருப்பது… இதை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் வைத்துப் பாருங்கள்.

இப்போது இடுப்பு. குதிரை நடக்கும்போது சேணம் உங்கள் இடுப்பை முன்னும் பின்னும், இடமும் வலமும் அசைக்கும், ஏறக்குறைய நீங்களே நடப்பது போல. சாதாரணமாகப் பிடித்துக்கொண்ட இடுப்புக்கு அந்த அசைவு இதமாக இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான். ஆனால் ட்ரொட், அதாவது மெல்லோட்டம், போகும்போது கதை மாறும். அது இரண்டு தாள நடை, ஒவ்வொரு தாளத்துக்கும் முதுகெலும்பில் ஒரு குத்து. அதைத் தவிர்க்கத்தான் ஒரு தாளத்துக்கு எழும்பி மறு தாளத்துக்கு இருக்கப் பழக்குகிறார்கள். அது சரியாக வரும்வரை நீண்ட நேரம் ட்ரொட் வேண்டாம். முதுகெலும்புத் தட்டு விலகல் இருந்தால், வலி காலுக்கு இறங்கினால், டொக்டர் சொல்லாமல் ஏறவே வேண்டாம். நிலத்தில் சப்பணம் கட்டி இருக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இடுப்பு மூட்டு சீக்கிரம் இளகுகிறது என்பது என் ஊகம். கோயிலில் மணிக்கணக்காக இருக்கிறவர்கள் சேணத்திலும் தாராளமாக இருக்கிறார்கள். இதையும் ஆய்வாக எடுக்கவேண்டாம்.

டொக்டரிடம் கேட்கும்போது ஒன்றை மாற்றிக் கேளுங்கள். "நான் குதிரை ஓடலாமா" என்று கேட்டால் சிரித்துவிட்டு "ஏன், ஓடுங்களேன்" என்பார், அல்லது சிரிக்காமல் "வேண்டாம்" என்பார். இரண்டாலும் பிரயோசனம் இல்லை. "ஐந்து அடி உயரத்தில் இருந்து ஒருநாள் விழுவேன், என் எலும்பு தாங்குமா" என்று கேளுங்கள். சராசரிக் குதிரையின் தோள் 15 கை உயரம், அதாவது 152 சென்ரிமீற்றர். அதன்மேல் நீங்கள் இருப்பீர்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும், ஆகவே எலும்பு ஸ்கேன் ஒன்று எடுத்துப் பார்ப்பது நல்லது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் என்றால் தலையில் சின்ன அடிபட்டாலும் பெரிய ஆபத்து. அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். குதிரை ஓடினால் எலும்பு பலப்படும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி ஏறவேண்டாம். தொடை, வயிறு, முதுகுத் தசைகள் பலப்படும், தள்ளாடாமல் நிற்கிற சமநிலை கூடும் என்பதைத் தைரியமாகச் சொல்லலாம். இன்னொன்று, ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி). லாய மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் ஏற்புக் கிருமி இருக்கும். கடைசியாகப் போட்டு பத்து வருடம் கடந்திருந்தால் போவதற்கு முன் போட்டுக்கொள்ளுங்கள்.

எடையைப் பற்றிக் கேட்கத் தயங்கியிருப்பீர்கள், நானே சொல்கிறேன். சேணத்தோடு சேர்த்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொதுவான கணக்கு. 450 கிலோக் குதிரைக்கு 90 கிலோ. இது மனுநீதி அல்ல. குதிரையின் முதுகு, வயது, ஓடுபவரின் சமநிலை எல்லாம் சேர்ந்துதான் முடிவு. ஆடி ஆடி இருக்கிற 60 கிலோவைவிட அசையாமல் இருக்கிற 75 கிலோவைக் குதிரை விரும்பும். வைத்தியராக நான் கடும்பிடி பிடிக்கிற இடம் ஒன்றுண்டு: நிலத்தில் இருந்து ஏறாதீர்கள். ஒரு படிக்கட்டையின்மேல் நின்று ஏறுங்கள். உங்கள் முழங்காலுக்கு மட்டும் சொல்லவில்லை. ஒரு பக்கத்தால் தொங்கி ஏறும்போது சேணம் குதிரையின் முதுகெலும்பைத் திருகுகிறது. படி கேட்பதை வயதின் அவமானமாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் குதிரைகளின் முதுகை அழுத்திப் பார்க்கிறவன் நான்.

விழுந்த கதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இது விளம்பரமாகிவிடும். 51 வயதில் விழுந்தேன், காறை எலும்பு வெடித்தது. குற்றம் முழுக்க என்னுடையது. சேணத்தைப் பிடித்துவைக்கிற வயிற்றுப்பட்டியை இறுக்கும்போது சில குதிரைகள் நெஞ்சை உப்பி வைத்துக்கொள்ளும். பத்து அடி நடந்ததும் காற்றை விடும், பட்டி தளரும். அதனால்தான் ஏறுவதற்கு முன் இரண்டாம் தரம் இறுக்கவேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். மிருக வைத்தியர் அல்லவா, எனக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். ஒரு வளைவில் சேணத்தோடு சேர்ந்து மெதுவாக, மரியாதையாக, பக்கவாட்டில் சரிந்து போனேன். கிழவி அதே இடத்தில் நின்று என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி பில் வந்தபோது மனைவி சொன்னா: "குதிரை தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்." ஆறு கிழமை கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். திரும்பப் போய் ஏறுவதற்கு அதன்பின் நான்கு மாதம் எடுத்தது. அந்த நான்கு மாதத்தைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இளைஞருக்கு எலும்பு பொருந்தியதும் எல்லாம் முடிந்தது. எங்களுக்கு எலும்பு பொருந்தியபின் மனம் பொருந்தவேண்டும்.

கொழும்பில் பழகுவதென்றால் வெயிலும் புழுக்கமும் முதல் பிரச்சினை. குதிரை எங்களைப் போல வியர்த்துத்தான் உடம்பைக் குளிரவைக்கும். கடுமையாக உழைத்தால் மணிக்குப் பத்து லீற்றருக்கு மேலும் வியர்க்கும். ஆனால் இங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. புழுக்கமான நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். அது நோய், உடம்பு காய்ச்சல் மாதிரிச் சுடும், மூச்சு வாங்கும். ஆகவே காலை ஆறரைக்கோ மாலை நாலரைக்குப் பிறகோ வகுப்பு நடத்துகிற இடத்தைப் பாருங்கள். மதியம் பதினொரு மணிக்கு வகுப்பு வைக்கிற இடத்துக்கு, எவ்வளவு மலிவென்றாலும் போகவேண்டாம். சேருவதற்கு முன் ஒருநாள் சும்மா போய் நில்லுங்கள். விலா எலும்பை எண்ணக்கூடியதாக இருக்கிறதா, முதுகில் சேணம் உரசிய புண் இருக்கிறதா, வாளியில் நல்ல தண்ணீர் இருக்கிறதா, குளம்பில் கெட்ட மணம் வருகிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் நனைந்த தரையில் நின்றால் குளம்பு அழுகும். அந்த மணத்தை ஒருமுறை முகர்ந்தால் மறக்கமாட்டீர்கள். பழக்குபவர் முதல் சில வகுப்புக்கு நீண்ட கயிற்றைத் தன் கையில் வைத்துக்கொண்டு உங்களை வட்டமாக நடத்துவாரா என்று கேளுங்கள். முதல்நாளே தனியாக விட்டுவிடுகிறவர் உங்களுக்குச் சரிவரமாட்டார். உங்களுக்குத் தருகிற குதிரை வயதானதாக, கொஞ்சம் சோம்பேறியாக இருந்தால் மனவருத்தப்படாதீர்கள். அதுதான் அந்த லாயத்தின் சிறந்த ஆசிரியர்.

உடுப்பு பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. உட்பக்கம் தடித்த தையல் இல்லாத நீளக் காற்சட்டை போதும்; டெனிம் தொடையை உரித்துவிடும். சப்பாத்துக்கு ஒரு அங்குலக் குதி வேண்டும், அப்போதுதான் பாதம் அங்கவடிக்குள்ளால் (சேணத்தில் தொங்குகிற கால் வளையம்) முன்னால் வழுக்கிப் போய்ச் சிக்காது. பாட்டாவோடு லாயத்துக்குள்ளேயே போகவேண்டாம், 450 கிலோ காலில் ஏறினால் தெரியும். ஹெல்மெட் மட்டும் உங்கள் சொந்தமாக, குதிரை ஓட்டத்துக்கென்றே செய்ததாக இருக்கட்டும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் சரிவராது. ஒருதரம் விழுந்து தலை அடிபட்டால், வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், அதை மாற்றவேண்டும்.

குதிரை வாங்குகிற யோசனை உங்களுக்கு இல்லை என்று எழுதியிருந்தீர்கள், நல்லது. ஒரு வருடம் போனதும் யாராவது வந்து "நல்ல சாந்தமான குதிரை, ரேஸில் இருந்து நிறுத்தியது, சும்மா விலைக்கு" என்பார்கள். மாணிக்கவாசகர் கதையில் இரவோடிரவாகப் பரியெல்லாம் நரியானதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். களைத்துப்போன குதிரை யாருக்கும் சாந்தமாகத்தான் இருக்கும். நல்ல தீனி போட்டு மூன்று வாரம் கழித்துப் பார்க்கவேண்டும்.

டொக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அப்போதும் லாயத்துக்குப் போகலாம். தேய்க்கலாம், நடத்தலாம், நிலத்தில் நின்றே நீண்ட கயிற்றில் வேலை செய்யப் பழகலாம். ஏறுவதை நிறுத்திவிட்டு இதை மட்டும் செய்கிற ஒருவரைத் தெரியும், எழுபதைத் தாண்டியவர், லாயத்தில் அவர் வந்தால் குதிரைகள் கனைக்கும். ஒருமுறை நெடுந்தீவுக்கும் போய்வாருங்கள். குறிகட்டுவானில் படகு ஏறவேண்டும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்த குதிரைகளின் வழி வந்தவை அங்கே பனைகளுக்கும் கல்வேலிகளுக்கும் நடுவில் கூட்டமாகத் திரிகின்றன. பழைய லாயத்தின் தூண்களும் இன்னும் நிற்கின்றன. வரட்சியில் தண்ணீர் இல்லாமல் அவை செத்த வருடங்களும் உண்டு. மாரி முடிந்த கையோடு, தை மாசியில் போனால் பச்சையாக இருக்கும். கிட்டப் போகவேண்டாம், தூரத்தில் குந்தியிருந்து பாருங்கள். எந்தக் குதிரை முதலில் தலையைத் தூக்குகிறது, மற்றவை யாரைப் பார்த்து நகர்கின்றன என்று ஒரு மணி நேரம் பார்த்தால் பத்து வகுப்பில் கற்காததைக் கற்கலாம்.

முதல்நாள் போகும்போது கரட் கொண்டுபோங்கள், ஆனால் பழக்குபவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். வட்டம் வட்டமாக வெட்டவேண்டாம், தொண்டையில் அடைக்கும். அதை எடுக்கத்தான் இரவு ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிடுவார்கள். விரல் நீளத்துக்கு நெடுக்காகப் பிளந்து, உள்ளங்கையை நன்றாக விரித்து, பெருவிரலை ஒட்டி வைத்துக்கொண்டு நீட்டுங்கள். மீசை மயிர் கூசும். கையை இழுக்கவேண்டாம்.